கைகூப்பிய அவையில் ஓடிய அம்பு

மந்திரிமார் ஓலையைத் தூரப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ராஜ்யபாரம் பண்ணிய காலத்திலே, முத்தலைக்கரை என்ற கடலோர நாட்டை ரணபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. சிரித்துக்கொண்டே பதவி கொடுப்பார். கொட்டாவி விட்டுக்கொண்டே பிடுங்கிக்கொள்வார்.

அவருடைய முதன்மந்திரி வடிவாம்பிகை. எவ்வளவு சிக்கலான வழக்கானாலும் குரலை உயர்த்தாமல் தீர்த்துவைப்பாள். ஆனால் ராஜா அவளை ஒருநாளும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. அது அவளுக்கு உள்ளூரக் குறைதான், காட்டிக்கொள்ள மாட்டாள்.

தளவாய் கச்சிராயனுக்கோ அவள் இடுப்பில் தொங்கும் மந்திரி முத்திரை மேலேயே கண். அவள் வந்தபிறகு அவையில் தன் மவுசு போய்விட்டதென்று பொருமிக்கொண்டிருந்தான்.

இப்படியிருக்க, பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து ஒரு பரிசு வந்தது. தங்கத் தகடு வேய்ந்த, வயர் இல்லாத மவுஸ். கூடவே விரல் நகமளவு ஒரு ரிசீவர். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் மவுஸ் வேலை செய்யும். ‘நாளை ராஜா தன் கையாலே ஓட்டிக்காட்ட வேண்டும், எங்கள் தூதர் பார்க்க வேண்டும்’ என்று தகவலும் வந்தது. ராஜா பெட்டியை வடிவாம்பிகையிடம் ஒப்படைத்தார்.

மறுநாள் காலை அவள் பெட்டியை அவை மேடையில் வைத்துவிட்டு, தூதரை வரவேற்க வாசல்வரை போய்வந்தாள். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் திறந்தால் மவுஸ் இருக்கிறது, ரிசீவரைக் காணோம்!

“அமைச்சரே, குதிரையைக் காட்டிவிட்டுக் கடிவாளத்தை எங்கே தொலைத்தீர்?” என்றார் ராஜா.

வடிவாம்பிகை வாய் திறப்பதற்குள் கச்சிராயன் எழுந்துவிட்டான். “மன்னா, இதற்கா கவலை? ரிசீவர் என்றால் ரிசீவர்தானே! எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு. நம் பண்டகசாலையில் சட்டி நிறையக் கிடக்கிறது. அமைச்சர் கோட்டைவிட்டதை அடியேன் சரிசெய்கிறேன்.”

சட்டி வந்தது. ஒன்றைச் செருகினான், திரையில் அம்புக்குறி அசையவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. ராஜா மவுஸை உருட்டினார், தட்டினார், கவிழ்த்துக்கூடப் பார்த்தார். எல்லோர் கண்ணும் அந்த ஒரு திரைமேலேதான். தூதர் சால்வையால் வாயை மூடிச் சிரித்தார்.

“எல்லாம் ஒரே அச்சு என்றீரே ராயரே!” என்றார் ராஜா.

கச்சிராயன் சட்டிக்குள் கைவிட்டு இன்னொன்றைத் துழாவினான். வடிவாம்பிகைதான் பதில் சொன்னாள். “பார்க்க ஒன்றுபோல இருக்கும், மன்னா. ஆனால் இந்த மாதிரி மவுஸைச் செய்யும்போதே அதற்கென்று ஒரு ரிசீவரை ஜோடி சேர்த்துவிடுவார்கள். இது பேசுவது அதற்கு மட்டும்தான் கேட்கும். ஒரே ரிசீவரோடு பல மவுஸ்களைச் சேர்க்கிற வகையும் உண்டு. அதையும் முறையாகச் சேர்த்துவைத்தால்தான் ஓடும். சட்டியில் இருப்பவை இதற்குச் செவிடு.”

“விளக்கம் பிரமாதம். ரிசீவர் எங்கே?”

“அதானே!” என்று கச்சிராயன் மறுபடி குரலெடுத்தான். “ஒரு நகமளவு பொருளைக் காக்கத் தெரியாதவரிடம் நாட்டை எப்படி விடுவது?”

காவலர்கள் தலைப்பாகை, இடைக்கச்சை எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ராஜாவுக்கு முகம் சிவந்தது. “தூதர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அது வரவேண்டும். இல்லையேல் முத்திரையை ராயரிடம் கொடும்.”

வடிவாம்பிகை யோசித்தாள். வேண்டுமென்றே யாரோ எடுத்திருக்கிறார்கள். உடம்பில் இல்லையென்றால் எங்கே? சுற்றிலும் பார்த்தாள். அவையில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். யார் என்ன செய்கிறார்கள் என்று ராஜா பார்ப்பதற்காக எல்லாத் திரையும் சிம்மாசனத்தைப் பார்த்தபடி. ஒவ்வொன்றின் பின்புறமும் கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று ரிசீவர்கள். ரிசீவரை ஒளிக்க இதைவிட நல்ல இடம் ஏது? எது யாருடையதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கண்ணால்தான் முடியாது.

முத்திரையைத் தானே அவிழ்த்து மேடைமேல் வைத்தாள். “கிடைக்காவிட்டால் நானே இறங்கிப்போகிறேன், மன்னா. அதற்குமுன் எல்லோரும் கடலம்மனை ஒருதரம் கும்பிடுவோம். இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி. நீங்கள் மட்டும் கண்ணைத் திறந்து திரைகளைப் பாருங்கள்.”

அவை முழுக்கக் கைகூப்பியது. எல்லோரையும்விட உரக்க, “தாயே, கள்ளனைக் காட்டிக்கொடு!” என்று வேண்டினான் கச்சிராயன். வடிவாம்பிகை தங்க மவுஸை ஒரு பலகைமேல் வைத்து, அவை நடுவே நின்று மெல்ல உருட்டினாள்.

“ராயரே,” என்றார் ராஜா, “கையைக் கூப்பித்தானே இருக்கிறீர்?”

“ஆமாம் மன்னா, பக்தியோடு!”

“அப்புறம் உம் திரையில் அம்பு ஏன் கரகம் ஆடுகிறது?”

கச்சிராயன் கண்ணைத் திறந்தான். தொடுவாரில்லாமல் அம்புக்குறி அங்கும் இங்கும் ஓடியது. “காற்று... காற்று போல மன்னா!”

“காற்றா? அமைச்சரே, வலப்பக்கம் தள்ளும்.” அம்பு வலப்பக்கம் போனது. “இடப்பக்கம்.” இடப்பக்கம் வந்தது. ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. சிம்மாசனத்தைவிட்டு இறங்கிவந்து, தானே மவுஸைப் பிடித்து, தளவாயின் திரையில் வட்டம் வட்டமாகச் சுழற்றினார். காவலன் பின்னாலிருந்து ரிசீவரை உருவியதும் அம்பு அப்படியே நின்றது.

கச்சிராயன் காலில் விழுந்தான். “எடுத்துவைத்துவிட்டு நானே சரிசெய்து பேர் வாங்கலாமென்று நினைத்தேன், மன்னா.”

“எல்லாம் ஒன்றென்று சொன்ன வாய்தானே? சட்டியைத் தூக்கும். பண்டகசாலையில் குவிந்துகிடக்கிற மவுஸ்களுக்கெல்லாம் அதனதன் ஜோடியைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டு வந்து, அப்புறம் தளவாய்ப் பட்டத்தைக் கேளும்.”

ரிசீவரைத் தன் கம்ப்யூட்டரில் செருகி, ராஜா தூதருக்கு மவுஸை ஓட்டிக்காட்டினார். பிறகு முத்திரையைத் தன் கையாலே எடுத்து வடிவாம்பிகையிடம் நீட்டிவிட்டுத் தூதர் பக்கம் திரும்பினார்.

“உம் அரசரிடம் சொல்லும். அவர் அனுப்பிய தங்கம் அழகாயிருக்கிறது. ஆனால் அவர் கஜானா முழுவதையும் கொட்டினாலும் கிடைக்காத ஒன்று என் அவையில் இருக்கிறது. இந்த வடிவாம்பிகையின் மூளை.”

வேறு யாராயிருந்தாலும் ‘எல்லாம் மன்னர் புண்ணியம்’ என்று குனிந்திருப்பார்கள். அவள் முத்திரையை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

“உண்மைதான், மன்னா” என்றாள்.