கேப்டன் காட்டிய கீறல்

கேப்டன் குலசேகரன் வானத்தில் பறந்ததைவிடத் தரையில் மிதந்ததுதான் அதிகம். அவருடைய ஃபிளையிங் கிளப்பில் குட்டி விமானங்களின் ஜன்னல்களுக்கு மெருகு போடுபவள் செல்லாத்தாள். அந்த ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக். மண் துணுக்கு பட்டாலே கோடு விழும். அதனால் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் கை வைப்பாள்.

ஒருநாள் காலை, பறக்கப் படிக்கும் பிள்ளைகள் முன்னால் கேப்டன் அவளிடம் தாம்தூமென்று குதித்தார்.

"நேத்து மாட்டின ஜன்னல்ல கீறல்! அழுக்குத் துணியால துடைச்சியா? மத்தியானத்துக்குள்ள கீறல் போகணும், இல்லேன்னா நீ போகணும். ஆனா உள்ளே கால் வெச்சே, தொலைச்சுடுவேன். அது பைலட் உட்கார்ற இடம்."

செல்லாத்தாள் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. கீறல் உள்பக்கம். நேற்று அதில் பறந்தவரோ கேப்டன் ஒருவர்தான்.

"எங்கிருந்து எதுவரைக்கும்னு உள்ளே உக்காந்து காட்டுனீங்கன்னா தேவலைங்க."

"கண்ணு என்ன புடனியிலயா இருக்கு?" என்று கேப்டன் ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல நவரத்தின மோதிரம் போட்ட விரலை மடக்கி ஜன்னலில் தட்டி, "இதோ, இங்கேருந்து இதுவரைக்கும்!" என்று இழுத்துக் காட்டினார்.

கர்ரென்று சத்தம் வந்தது. பழைய கீறலுக்குப் பக்கத்தில், அதே வளைவில், புதுக் கீறல் ஒன்று.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மோதிரத்தைக் கழட்டிட்டுக் கீழே இறங்குங்க," என்றாள் செல்லாத்தாள். "பைலட் உட்கார்ற இடத்துல எனக்கு வேலை இருக்குதுங்க."