போனில் வராத பெயர்

"மேடம், இங்கே வச்சுக் கேட்டா இந்த மனுஷன் பொரிஞ்சு தள்றாரு. போனைக் கையில கொடுத்துட்டு நான் வெளியே வந்தா ஊமையாயிடுறாரு. நான் என்னதான் செய்ய?"

கேட்டவர் இசக்கியப்பன். ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு, பேச்சிழந்த நோயாளிகளைப் பேசவைக்கும் படிப்புக்கு வந்தவர். இப்போது முதுகலைக் கடைசி வருஷம். காது பக்கத்தில் நரை.

பேராசிரியர் நிலோபர் அவரைவிட வயதில் சின்னவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரு, மிக்கேல் அண்ணாச்சியா?"

"அவரேதான்."

மிக்கேல் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவியவர். அவர் கூவினால் கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும் என்பார்கள். பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் போய்விட்டது.

ஒரே மகள் பவுலின் மஸ்கட்டில் நர்ஸ். வாராவாரம் கூப்பிட்டு, "என் பேரைச் சொல்லுங்கப்பா" என்று கெஞ்சுவாள். இந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். போன வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. 'இன்னொரு வாரம் பார்ப்பேன் சார். அதுக்கும் பேசலைன்னா அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிருவேன். நீங்க எங்களை ஏமாத்துறீங்க' என்று இசக்கியப்பனிடமே சொல்லிவிட்டாள்.

பரீட்சைக்காக அவரிடம் ஒப்படைத்த நோயாளி மிக்கேல்; பயிற்சி பாதியில் நின்றால் இசக்கியப்பன் பரீட்சை எழுத முடியாது. ஆனால் அவர் வருத்தம் அதுவல்ல. ஏமாத்துறீங்க என்ற சொல்தான் தைத்துவிட்டது.

"வாங்க, பார்ப்போம்" என்று நிலோபர் எழுந்தார்.

பயிற்சி அறையில் மிக்கேலுக்கு எதிரே உட்கார்ந்து, இசக்கியப்பன் பட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"மீன்" என்றார் மிக்கேல்.

"படகு."

"பூ."

"மக பேரு என்ன அண்ணாச்சி?"

"பவுலின்."

"பார்த்தீங்களா மேடம்!" இசக்கியப்பனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

நிலோபர் மிக்கேலைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நேரமும் இசக்கியப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருங்க."

உட்கார்ந்தார். மேசையில் கிடந்த கைக்கண்ணாடியை எடுத்து நிலோபர் அவர் கையில் கொடுத்தார். உதட்டசைவைப் பார்த்துப் பழக நோயாளிகளுக்குக் கொடுக்கிற கண்ணாடி அது.

"இது அவருக்குத்தானே மேடம்?"

"இன்னிக்கு உங்களுக்கு." பிறகு மிக்கேல் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, மக பேரு என்ன?" என்றார்.

மிக்கேல் இசக்கியப்பனின் முதுகைப் பார்த்து விழித்தார்.

இசக்கியப்பன் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவருடைய இரண்டு உதடும் ஒட்டி, 'ப' சொல்லத் தயாராக உப்பி நின்றன.

அட கண்றாவியே! இதையா இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தேன்? ரேடியோக்காரன் வாய், கட்டிப்போட்டாலும் அடங்காது. மனுஷன் அதைப் பார்த்துப் பார்த்தே ஒப்பித்திருக்கிறார். இசக்கியப்பனுக்கு மானம் போயிற்று.

"மேடம், நான்..."

மிக்கேலின் போன் அடித்தது. மஸ்கட்.

நிலோபர் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். இசக்கியப்பன் நாற்காலியில் திரும்ப முயன்றார்.

"திரும்பாதீங்க."

"அப்பா, நான்தான். என் பேரைச் சொல்லுங்கப்பா."

மூச்சு மட்டும் கேட்டது.

இசக்கியப்பன் தன் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டார். ஒரே ஒரு எழுத்து எடுத்துக் கொடுத்தால் போதும். கொடுக்காமல் இருப்பது இவ்வளவு பெரிய பாடாக இருக்கும் என்று யார் கண்டது?

"அப்பா?"

இசக்கியப்பன் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரிப்பா. வச்சிடுறேன்."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏட்டி!"

அறை அதிர்ந்தது. ஏலக்காரனின் பழைய தொண்டை.

"ஏட்டி... சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் ஒரு பெரிய அழுகை. "சாப்ட்டேம்ப்பா... சாப்ட்டேன். நீங்க என்னை ஏட்டின்னு செல்லமாக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

மிக்கேல் போனைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ஏட்டி, ஏட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இசக்கியப்பன் மெல்லத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. கட்டு கட்டாகக் கிடந்த அட்டைகளைப் பார்த்தார்.

"மேடம், ஏட்டிங்கிற வார்த்தை நம்ம அட்டையில எதுலயும் இல்லையே?"

"உங்க வாயிலயும்தான் இல்லை" என்றார் நிலோபர்.