தலைவர் ஊதித் திறந்த கருவி

நகராட்சித் தலைவர் வைரவசுந்தரம் ஒரு சத்தம் போட்டால் ஊரே திருந்திவிட வேண்டும். போக்குவரத்துக் காவலர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டு மிரட்டினார்:

“குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவன் ஒருத்தன்கூட இந்த ஊர்ல இருக்கக் கூடாது. ஒரு வாரத்துல வழி பண்ணு. இல்லேன்னா உன்னை மலை மேல இருக்கிற ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிச்சிருவேன்.”

“பண்ணிரலாம்யா. ஒரு விழா வைப்போம். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து நீங்கதான் தலைமை தாங்கணும்.”

விழா என்றால் தலைவருக்கு உயிர். கிடா விருந்தும் அதற்கேற்ற சரக்கும் முடித்து, தானே காரை ஓட்டிவந்து, மேளம் முழங்க இறங்கினார். ரிப்பனையும் கத்தரியையும் தேடினார். இசக்கியம்மாள் தாம்பாளத்தை நீட்டினாள். அதில் சந்தனம் குங்குமம் வைத்த, போதையைக் கண்டுபிடிக்கும் புதுக் கருவி இருந்தது.

“முதல் ஆளா நீங்களே ஊதித் திறந்து வைங்கய்யா.”

கூட்டம் கைதட்டியது. தலைவர் வேறு வழியில்லாமல் ஊதினார். கருவி அலறியது, சிவப்பு எரிந்தது.

“மிஷின் கோளாறு!”

இசக்கியம்மாள் வேறு குழாய் மாட்டித் தானே ஊதினாள். பச்சை எரிந்தது.

“சாவியைக் கொடுங்கய்யா, வீடு வரைக்கும் நடந்தே போங்க. தலைவரையே விடலை, நம்மளையா விடுவாங்கன்னு ஊரே பயப்படும். மேளக்காரரே, விழிப்புணர்வு ஊர்வலம் கிளம்புது, அடிங்க!”