முதலாளியின் விரல்

கோவையில் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் அசையும் படம் வரைந்து தரும் கம்பெனி ஒன்று. முதலாளி தங்கமுத்து. மெஷின்களைப் பழுதுபார்ப்பவள் வேலாத்தாள்.

ஒரு மெஷினில், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி சிப்புகள் கொதித்து, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வேலாத்தாள் பழைய ஜன்னலின் அலுமினியச் சட்டத்தைத் துண்டு போட்டு, சூட்டைக் கடத்தும் டேப்பால் சிப்புக்கு ஒன்றாக ஒட்டினாள். சிப்பின் சூடு துண்டுக்கு இறங்கியது; படம் சீராக ஓடியது.

மறுநாள் தன் கட்டடத்தின் படத்தைப் பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர் ரெஜினா அம்மாவின் எதிரிலேயே தங்கமுத்து அதைக் கண்டுவிட்டார்.

"ஜன்னலை அறுத்து ஒட்டியிருக்கியா? என் மானத்தை வாங்கிட்டியே!"

ஆபீசே சிரித்தது. வேலாத்தாளுக்குக் காது மடல்வரை சுட்டது. குனிந்த தலை நிமிரவில்லை.

"எல்லாத்தையும் பிச்சுப்போடு. ஆனா படம் நிக்காம ஓடணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

"சரிங்க சார். முதல்ல ஒண்ணை மட்டும் எடுக்கறனுங்க. அந்தத் துண்டு செஞ்ச வேலையை உங்க விரல் செஞ்சாப் போதுமுங்க."

"அவ்வளவுதானா?"

மெஷினை அணைத்து ஒரு துண்டைப் பிய்த்தாள். மறுபடி ஓடவிட்டு, சிப்பு சூடேறியதும் துண்டு இருந்த இடத்தைக் காட்டினாள். தங்கமுத்து கம்பீரமாக விரலை வைத்தார்.

"ஐயோ!"

விரலை உதறிக்கொண்டு துள்ளினார். திரையில் கட்டடம் நொறுங்கியது.

"அந்தத் துண்டையே ஒட்டச் சொல்லுங்க," என்றார் ரெஜினா அம்மா. "உங்களைவிட அது பொறுமைசாலி."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சற்றுமுன் சிரித்தவர்கள் தங்கள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கமுத்து, வேலாத்தாளின் முகத்தைப் பார்க்க முடியாமல், தரையைப் பார்த்துச் சொன்னார்:

"ஒட்டிரும்மா."