இன்னொரு தட்டு

“குருவே, சின்ன வேலைன்னா என் நிரல் நல்லா ஓடுது. பெரிய வேலைன்னா அப்படியே நின்னுடுது,” என்றார் திருமேனிநாதன்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மடமே அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடும். குரு பொற்கொடிக்கு அவர் மகள் வயது. கம்ப்யூட்டர் நிரல் எழுதச் சொல்லித் தரும் அந்த மலை மடத்தில் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

“நிரல் என்ன செய்யணும்?”

“இன்னொரு கட்டளையை ஓடவிட்டு, அது சொல்றதை எல்லாம் வாங்கி வைக்கணும்.”

“எப்ப வாங்கும்?”

“அது சொல்லி முடிச்ச பிறகு. நடுவுல குறுக்கிடுறது மரியாதை இல்லையே.”

குரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. இன்று மாலைக்குள் நிரல் ஓடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும் என்பது மடத்து விதி. ஊரில் மனைவி மங்களம் இருக்கிறாள். ‘டிவி ரிமோட்டே பிடிபடாத ஆளுக்குக் கம்ப்யூட்டரா’ என்று கேட்டு வழியனுப்பியவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

“இன்னிக்குப் பந்தியில நீங்க பரிமாறுங்க, சார். எல்லாத் தோசையும் சுட்டு முடிச்சாச்சுன்னு வடிவு சொன்ன பிறகுதான் தட்டைத் தொடணும்.”

சமையற்கட்டில் வடிவு சுட்டுச் சுட்டுத் தட்டில் அடுக்கினாள். சார் கைகட்டி நின்றார். தட்டு நிரம்பியதும் வடிவும் கைகட்டி நின்றுவிட்டாள்.

“ஏம்மா நிறுத்திட்டே?”

“வைக்க இடமில்லை. எடுங்க, சுடுறேன்.”

“நீ முடி, எடுக்கிறேன்.”

“நீங்க எடுங்க, முடிக்கிறேன்.”

கூடத்தில் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள்.

சாருக்குப் பொறி தட்டியது. போட்டது போட்டபடி கம்ப்யூட்டரிடம் ஓடினார். “தோசையைக் குடுத்துட்டுப் போங்க சார்,” என்று குரு சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

கட்டளை சொல்லச் சொல்ல வாங்கிக்கொள்ளும்படி நிரலைத் திருத்தினார். ஓடியது. பாதியில் மறுபடியும் நின்றது.

அழாத குறையாகச் சமையற்கட்டுக்குத் திரும்பினார். அங்கே தோசைகளைச் சுடச்சுட குருவே எடுத்துப் போய்ப் பரிமாறிக்கொண்டிருந்தார். தட்டு காலி. ஆனாலும் வடிவு கைகட்டி நின்றாள்.

“இப்ப என்னம்மா?”

அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தட்டை வடிவு காட்டினாள். கருகியதும் பிய்ந்ததுமாக அதில் குவிந்து கிடந்தது.

“கல்லுல இருக்கிறதும் கருகிடுச்சு. அதை அங்கதான் வைக்கணும். இடமில்லை.”

“அதெல்லாம் யாருக்கு வேணும்?”

“உங்க கட்டளையும் தப்பையெல்லாம் தனியாத்தான் சொல்லுது, சார்,” என்றார் குரு. “அதை யாரு வாங்குறா?”

சார் கருகிய தோசை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நின்றபடியே தின்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

பிறகு போய், தப்புகளையும் சொல்லச் சொல்ல வாங்கிக்கொள்ளும்படி நிரலைத் திருத்தினார். பொழுது சாய்வதற்குள் அது முழுதாக ஓடி முடிந்தது. சார் மங்களத்துக்குப் போன் போட்டார். குரலில் பெருமை தாங்கவில்லை.

“நான் இங்கேயே இருந்து படிக்கப் போறேன். இன்னிக்கு ஒண்ணு கத்துக்கிட்டேன்.”

“என்னது?”

“கருகின தோசையைத் தின்ன.”

“நீங்க ஒதுக்கி வச்சதையெல்லாம் இத்தனை வருஷமா இங்க யாரு தின்னான்னு நினைச்சீங்க?” என்றாள் மங்களம்.