சங்கு சொல்லாத சொல்

உயிர்கள் எல்லாவற்றுக்கும் பெருமான் ஒரே பேச்சைப் பொதுவாக அருளியிருந்த அந்தக் காலத்தில், கடலடியில் ஊரும் சங்குக்கும் நா இருந்தது. அதன் ஓட்டுக்குக் கதவு மட்டும் இல்லை. கரையில் யார் வந்து நின்றாலும் வாய் ஓயாமல் பேசும்.

அக்கரையில் நித்திலை என்றொருத்தி இருந்தாள். அலை ஒதுக்கும் கிளிஞ்சல்களைப் பொறுக்கிக் கோயிலுக்கு மாலை கோப்பது அவள் பணி. அவள் கணவன் சேந்தன் முத்துக் குளிக்கத் தூரத்துத் தீவுக்குப் போனவன். இரண்டு வாடைக்காலம் கழிந்தும் திரும்பவில்லை. அடுத்த வாடைக்குள் சேதி வராவிட்டால் தாலியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஊரார் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சேந்தனிடமிருந்து சேதி கொண்டுவரும்படி நித்திலை சங்கிடம் போய் மன்றாடினாள். சங்கு சிரித்தது.

“மீனை அனுப்பியிருக்கலாமே, தங்காய். நான் போய் வருவதற்குள் உனக்கு நரை தட்டிவிடும்.”

“அனுப்பிப் பார்த்துவிட்டேன், அண்ணா. வழியில் இரையைக் கண்டால் என்னை மறந்துவிடுகின்றன.”

சங்கு புறப்பட்டது. நித்திலை நாள்தோறும் நீர்விளிம்பில் நின்றாள். கோக்கவேண்டிய கிளிஞ்சல்கள் மடியிலேயே கிடந்தன. வாடை தொடங்கவிருந்த நாளில், ஓடெல்லாம் பாறை உரசிய வடுக்களோடு சங்கு அலையில் வந்து ஒதுங்கிற்று.

“அவனைப் பார்த்துவிட்டேன், தங்காய். உன்னிடம் ஒரு சொல் சொல்லச் சொன்னான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.”

தொலைவிலிருந்து வந்தவரின் காலில் படிந்த உப்பை நன்னீரால் கழுவாமல் அவர் சொல்லைக் கேட்பது, அந்தக் கரையில் பெரும் மரியாதைக் குறைவு. மணலைத் தோண்டிக் கை கையாக அள்ளினால்தான் அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும். நித்திலை ஓடினாள். நாளெல்லாம் இறைத்துச் சேர்த்திருந்த குடத்தை இடுப்பில் ஏந்தி வந்தாள். விருந்தாளிக்குக் கால் இல்லை. ஆகவே உடல் முழுவதையும் கழுவினாள். ஓட்டின் வாய்க்குள்ளும் பரிவோடு வார்த்தாள். சங்கு ஏதோ சொல்லத் துடித்தது.

“பேசாதீர்கள், அண்ணா. முதலில் உடல் குளிரட்டும்.”

உப்பிலே பிறந்த உடலுக்கு நன்னீர் நெருப்பு. சங்கு சுருண்டு சுருண்டு ஓட்டின் அடிச்சுழிக்குள் போயிற்று. நித்திலை பதறிப்போய் அதைக் கடல்நீரில் விட்டாள், அழைத்தாள், காத்திருந்தாள். அது வெளியே வரவே இல்லை. எடுத்துக் காதில் வைத்தாள். யாரோ பேசத் தொடங்குவதுபோல் உள்ளே வெகுதொலைவில் ஓர் ஓசை எழுந்தது, எழுந்தபடியே இருந்தது.

ஊரார் வந்து தாலியைக் கேட்டபோது நித்திலை சங்கைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “சொல் வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கேட்கவில்லை” என்றாள். அதன்பின் எவரும் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்நாள் முதற்கொண்டுதான் சங்கினம் பேச்சை விட்டுத் தன் வாயிலுக்கு ஒரு கதவு வளர்த்துக்கொண்டது. மனிதரும், எவர் சொல்லுக்கும் காத்திராதவர்கூட, கரையில் ஒரு சங்கைக் கண்டெடுத்தால் அதைக் காதருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்கள்.