ஆளில்லாத தெரு

ஞானதிரவியத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தீப்பெட்டி ஆலையில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம்தான் ஆகிறது. அவருக்கு வேதம் கற்றுக்கொடுத்தது பியூலாம்மா. கணவர் இறந்தபின் அந்தச் சின்ன ஜெபவீட்டைத் தனியாக நடத்துகிறவர், இவரைவிட இருபது வயது இளையவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் சீடர் குருவை மிஞ்சிவிட்டார். கடைசி நாளைப் பற்றி அவர் பேச எழுந்தால் முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்துவார்கள். அந்த நேரம் ஒருவருக்கும் தெரியாது, திடீரென்று எக்காளம் ஊதும், ஆயத்தமானவர்கள் அந்த நொடியே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார். சபையைப் பயமுறுத்துவதாக நினைத்துக்கொண்டு அவர் தன்னையே பயமுறுத்திக்கொண்டிருந்தார், பாவம்.

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் அவர் பியூலாம்மா வீட்டு வாசலில் வந்து விழுந்தார். காலில் செருப்பில்லை. அம்மா அப்போதுதான் நிறைகுடத்தை இறக்கி வைத்திருந்தார்.

"பாஸ்டரம்மா, நீங்களுமா போகலை?" என்று கேட்டு அழுதார்.

"எங்க?"

"மேல."

அம்மாவுக்குப் புரியவில்லை.

"கண்ணசந்திருந்தேன். நீளமா ஒரு சத்தம் கேட்டுது. எக்காளம். எந்திரிச்சுப் பாத்தா எம் பொஞ்சாதி ரூபியைக் காணலை. அடுப்புல சோறு கொதிக்கு. அவ செருப்பு வாசல்ல கெடக்கு. விசுவாசிங்க வீடு மூணுக்கும் ஓடினேன். கதவெல்லாம் திறந்து கெடக்கு, உள்ள ஆளில்லை. நான் மட்டும் நிக்கேன்."

பியூலாம்மா சிரிக்கவில்லை.

"தண்ணி லாரி வந்திருக்கு அண்ணாச்சி. பதினோரு நாள் கழிச்சு, அதுவும் மதியத்துல. ஹாரன் சத்தம் கேட்டதும் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிட்டாவ. மெயின்ரோட்டுல குடத்தை வச்சுச் சண்டை நடக்கு. ரூபி மதினிதான் மொத ஆளு."

அவருக்கு மூச்சு வந்தது.

"லாரியாவே இருக்கட்டும். ஆனா நான் கைவிடப்பட்டவன்னு ஒடனே நம்பிட்டேன் பாஸ்டரம்மா. ஒரு நொடிகூடச் சந்தேகம் வரலை. நெசமா அந்த நாள் வந்தா நான் எந்தப் பக்கம்?"

அம்மா குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டார். ஆனால் அவரிடம் கொடுக்கவில்லை.

"வர்ற வழியில யாரைப் பாத்தீங்க?"

"யாரும் இல்லைன்னுதானே சொல்லுதேன்."

"உங்க எதிர்வீட்டுச் சுடலைமுத்துப் பாட்டையா இடுப்பொடிஞ்சு கெடக்காரே. அவர் எங்க போவாரு?"

ஞானதிரவியம் தரையைப் பார்த்தார். கிழவரின் மருமகள் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவாள். ஜன்னல் வழியாக அவர் கட்டிலுக்கு எத்தனையோ துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறார் ஞானதிரவியம். கிழவர் அதை விசிறிக்கொள்ளத்தான் பயன்படுத்தினார். அப்போதே அவரைக் கடைசி நாளில் இடதுபக்கம் நிறுத்தித் தள்ளப்படும் ஆள் என்று முடிவு கட்டியாயிற்று.

"இருந்தாரு" என்றார் மெதுவாக.

"எங்க?"

"கட்டில்லேருந்து விழுந்து, வாசல்வரைக்கும் தவழ்ந்து வந்து கெடந்தாரு. மொகத்துல வெயில் அடிச்சுது. கையை நீட்டித் தண்ணி கேட்டாரு."

"நீங்க?"

"அவரைப் பாத்ததுந்தான் எனக்கு நிச்சயமாச்சு. இவரும் நானும் மட்டும் மிச்சம்னா, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்? இனி தண்ணி குடுத்து என்ன ஆகப்போகுதுன்னு..."

"தாண்டிட்டீங்க."

"தாண்டிட்டேன்."

அம்மா சொம்பை அவர் கையில் வைத்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு வீடு ஏறி எறங்கி, இங்க வந்து... அரைமணி இருக்கும்." வெளியே வெள்ளையாகக் காய்ந்த தெருவைப் பார்த்தார். இதுவரை வராத ஒரு பயம் வந்தது. "இப்பப் போனா உசுரோட இருப்பாரா பாஸ்டரம்மா?"

"அந்த நேரம் ஒருத்தருக்கும் தெரியாதுன்னு ஞாயித்துக்கிழமைதோறும் எந்திரிச்சு நின்னு சொல்லுதது நீங்கதானே அண்ணாச்சி."